கையால் கழற்ற முடிந்த பேட்டரி

போன சித்திரையில் என் லேப்டாப்பின் டச்பேட் திடீரென்று அமுங்காமல் போனது. தூசி சேர்ந்திருக்கும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடியது. நான்கு ரப்பர் கால்களில் மூன்றுதான் மேசையில் பட்டன. சென்னை ரிச்சி தெருவில் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பையன் அதைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு, "பேட்டரி உப்பிருச்சு சார். இன்னைக்குச் சார்ஜ் போட்டீங்களா?" என்றான். காலையில்கூடப் போட்டேன் என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. பத்துத் திருகுகளைக் கழற்றி, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை விளிம்பில் நுழைத்து மெல்ல நெம்பினான். தட்டையாகக் கிடக்க வேண்டிய மூன்று கறுப்புப் பைகளும் எண்ணெயில் போட்ட பூரி போல எழும்பி நின்றன. பசை போட்டு ஒட்டியிருந்த அவற்றைப் பெயர்த்தெடுக்க அவனுக்கு இருபது நிமிடம் பிடித்தது. அவ்வளவு நேரமும் இரும்புத் திருப்புளியை அவன் தொடவே இல்லை. "குத்திருச்சுன்னா புகைஞ்சிரும் சார்."

இந்த பேட்டரியை நிறுவனம் எப்போதாவது திரும்பப் பெறுவதாக அறிவித்ததா என்று பார்க்க நினைத்தேன். அதற்கு பேட்டரியின் எண் வேண்டும். அந்த எண் பேட்டரியின் மேல் ஒட்டிய சீட்டில் இருந்தது. சீட்டு மூடிக்கு உள்ளே இருந்தது. ஆபத்து இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஆபத்து இருக்கும் இடத்தையே திறக்க வேண்டியிருந்தது.

அன்று முதல், திரும்பப் பெறும் அறிவிப்புகளை நான் வாசிக்கும் விதம் மாறிவிட்டது. செய்தித்தாள்கள் அவற்றை எண்ணிக்கையால் அளக்கின்றன: இத்தனை லட்சம் பேட்டரிகள், இத்தனை கோடி நஷ்டம். நிறுவனத்தின் பங்கு வைத்திருப்பவருக்கு அந்த அளவு பயன்படலாம். வீட்டில் அந்த லேப்டாப்பை வைத்திருப்பவருக்குத் தெரிய வேண்டியவை வேறு. நிறுவனத்துக்குத் தெரிந்த எத்தனை நாளுக்குப் பிறகு எனக்குச் சொன்னார்கள்? சொன்ன அன்று இரவே அந்த ஆபத்தை நான் அகற்ற முடிந்ததா? இந்த இரண்டையும் வைத்து, கடந்த இருபது ஆண்டுகளில் நடந்தவற்றை எடைபோட்டுப் பார்க்கிறேன்.

2006 ஜூனில் ஜப்பானின் ஒசாகாவில் ஒரு கருத்தரங்கில் டெல் லேப்டாப் ஒன்று தீப்பற்றி எரிந்த படங்கள் இணையத்தில் பரவின. ஆகஸ்ட் நடுவில் டெல் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பத்து நாள் கழித்து ஆப்பிள் 18 லட்சம் என்றது. செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் ஒரு திங்க்பேட் லேப்டாப் எரிந்தது. லெனோவோவும் ஐபிஎம்மும் 5,26,000 பேட்டரிகளைத் திரும்பக் கேட்டன. தோஷிபா, ஃபுஜிட்சு என்று பட்டியல் நீண்டது. எல்லா பேட்டரிகளுக்குள்ளும் இருந்தவை சோனியின் செல்கள். 1991-ல் லித்தியம் அயான் பேட்டரியை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த அதே சோனி, கடைசியில் ஏறத்தாழ 96 லட்சம் பேட்டரிகளுக்காக 5,100 கோடி யென் செலவாகும் என்று கணக்குக் காட்டியது.

பிழை எங்கே என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். அந்தக் காலத்து லேப்டாப் பேட்டரியைப் பிளந்தால் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளைகள் இருக்கும், பெரும்பாலும் ஆறு அல்லது ஒன்பது. ஒவ்வொரு உருளைக்குள்ளும் நேர்முனைத் தகடு, எதிர்முனைத் தகடு, இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம், மூன்றும் சேர்த்துப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டப்பட்டிருக்கும். அந்தப் படலம் தலைமுடியைவிட மெல்லியது. சோனியின் ஆலையில் செல்களை உருவாக்கும்போது கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்கள் உள்ளே விழுந்திருந்தன. ஒரு துகள் படலத்தைத் துளைத்தால் இரு முனைகளும் தொட்டுக்கொள்ளும். அந்த இடம் சூடாகும். நூறு பாகைக்குக் கீழேயே எதிர்முனையின் மேல் படிந்த பாதுகாப்புப் படிவு சிதையத் தொடங்கி மேலும் சூட்டைக் கிளப்பும். 130 பாகையை ஒட்டிப் படலமே உருகும். அதற்கு மேல் போனால் நேர்முனையிலிருக்கும் கோபால்ட் ஆக்சைடு தன்னிடமிருந்தே ஆக்சிஜனை விடும். உள்ளே இருக்கும் திரவமோ எளிதில் எரியக்கூடியது. எரிபொருள், சூடு, ஆக்சிஜன் மூன்றும் ஒரே டப்பாவுக்குள் கூடிவிடுகின்றன. ஒரு செல் வெடித்தால் அடுத்ததைச் சூடாக்கும். அது அதற்கு அடுத்ததை.

நான்கு கோடி ஆய்வகச் சோதனை செய்தாலும் பிடிபடாத பிழை இது என்று சொல்வது மிகையாக இருக்கலாம். ஆனால் மாதிரிக்குப் பத்தை எடுத்துச் சோதிப்பவர் கையில் துகள் விழுந்த அந்த ஒரு செல் வந்து சேர வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே சான்றிதழ் முத்திரை பார்த்து வாங்கினால் போதும் என்ற அறிவுரை பாதிதான் சரி. முத்திரை வடிவமைப்புக்குப் பொறுப்பேற்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஆலையில் என்ன விழுந்தது என்பதற்கு அது பொறுப்பேற்காது. அதற்காகத்தான் திரும்பப் பெறும் ஏற்பாடே இருக்கிறது.

இங்கே ஒரு எதிர்வாதம் உண்டு. அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. டெல் அறிவித்தபோது அதனிடம் இருந்தவை ஆறு புகார்கள். மேசை நாற்காலியும் சில பொருள்களும் கெட்டன, யாருக்கும் காயமில்லை. 41 லட்சத்தில் ஆறு என்றால் ஏறத்தாழ ஏழு லட்சத்துக்கு ஒன்று. அடுப்பங்கரையில் இதைவிடப் பெரிய ஆபத்தோடு நாம் நாள்தோறும் வாழவில்லையா? இத்தனை பேரைப் பீதிக்குள்ளாக்கி, இத்தனை பேட்டரியைக் குப்பையாக்கியது தேவைதானா?

தேவைதான் என்பது என் முடிவு. அடுப்பில் தீ இருப்பது நமக்குத் தெரியும். தெரிந்தே பக்கத்தில் நிற்கிறோம். லேப்டாப்பை மடியில் வைக்கிறோம், மெத்தையில் வைத்துச் சார்ஜ் போட்டபடி தூங்குகிறோம், முப்பதாயிரம் அடி உயரத்தில் இருக்கைக்கு மேலே பையில் திணிக்கிறோம். ஏழு லட்சத்தில் ஒன்று எந்த இடத்தில் எரியும் என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கைப் போட வேண்டும். இன்னொன்று: ஆறு என்பது எரிந்தவற்றின் எண்ணிக்கை என்று சொல்ல முடியாது. எரிந்து, அதை ஒருவர் நிறுவனத்துக்குத் தெரிவித்தவற்றின் எண்ணிக்கை அது.

2006-ஐ நான் முழுதாகப் புகழவில்லை. துகள் சிக்கல் பற்றி டெல்லும் சோனியும் அதற்குப் பல மாதங்கள் முன்பே பேசியிருந்ததாக அப்போதே செய்திகள் வந்தன. 2005 டிசம்பரிலேயே டெல் 22,000 பேட்டரிகளைத் திரும்பப் பெற்றிருந்தது. முதல் கேள்வியில் 2006 அறிவிப்புக்கு நடுத்தர மதிப்பெண்தான்.

முதல் கேள்வியில் தோற்றுப்போனதற்கு எடுத்துக்காட்டு வேறொன்று, பரபரப்பில்லாமல் கடந்துபோனது. அமெரிக்காவில் நுகர்வோர் பொருளில் ஆபத்தான குறை இருப்பதாகத் தெரிய வந்தால் 24 மணி நேரத்துக்குள் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்ல வேண்டும். அந்த ஆணையம் குறிப்பிட்டபடி, எச்.பி. நிறுவனம் 2007 வசந்த காலத்திலேயே தன் லேப்டாப் பேட்டரிகள் பற்றி ஓர் ஆய்வை முடித்திருந்தது. 2007 செப்டம்பருக்குள் ஏறத்தாழ 22 சம்பவங்கள் அதன் கவனத்துக்கு வந்திருந்தன. குறைந்தது இரண்டில் மனிதர்களுக்குக் காயம். ஆணையத்திடம் அது சொன்னது 2008 ஜூலை 25 அன்று. அதற்குள் சம்பவங்கள் குறைந்தது 31 ஆகியிருந்தன. அக்டோபரில் 32,000 பேட்டரிகள் திரும்பப் பெறப்பட்டன. 2012 ஜனவரியில், குற்றச்சாட்டை ஏற்காமலேயே, எச்.பி. 4,25,000 டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

அந்தத் தொகையை 32,000-ஆல் வகுத்துப் பாருங்கள். பேட்டரி ஒன்றுக்கு 13 டாலர் சொச்சம். ஒரு புதிய லேப்டாப் பேட்டரியின் விலையைவிட அது குறைவு. பத்து மாதம் வாய் திறக்காமல் இருந்ததற்கு விதிக்கப்பட்ட விலை, குறையைச் சரிசெய்யும் விலையைவிட மலிவு என்றால், சீக்கிரம் சொல்வதற்கு யாருக்கு என்ன அவசரம் இருக்கும்? 22-க்கும் 31-க்கும் நடுவே இருக்கும் அந்த ஒன்பது பேரை நான் நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு முன்கூட்டித் தெரிந்திருந்தால் பேட்டரியைக் கழற்றி வைத்திருப்பார்கள். அவர்களாகத் தெரிந்துகொள்ளவும் வழி குறுகலாக இருந்தது: உற்பத்தியாளரை அடையாளம் காட்டும் தகவலை வெளியிடும் முன் அந்த நிறுவனத்துக்கே அறிவித்து, அதன் கருத்தையும் கேட்க வேண்டும் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவு ஆணையத்தின் கையைக் கட்டியிருக்கிறது.

அதே நிறுவனத்தின் பிந்தைய வரலாறு வேறு ஒரு பலவீனத்தைக் காட்டுகிறது. 2016 ஜூனில் 41,000 பேட்டரிகள். 2017 ஜனவரியில் மேலும் 1,01,000. இரண்டாவது அறிவிப்பில் ஒரு வரி இருந்தது: முன்பு பாதிப்பில்லை என்று சொல்லப்பட்ட பேட்டரிகளும் இதில் சேர்கின்றன. பொறுப்பாக எண்ணைச் சரிபார்த்து, உங்களுடையது நல்ல பேட்டரி என்ற பதிலை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியவர், ஏழு மாதம் கழித்து மறுபடி சரிபார்க்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை எத்தனை பேர் சரிபார்த்திருப்பார்கள்?

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை தீர்ப்பை முடிவுசெய்வது இதுதான்.

2006-ல் டெல் வாடிக்கையாளருக்குச் சொன்னது: லேப்டாப்பை அணைத்து, பேட்டரியைக் கழற்றி வையுங்கள், மாற்று பேட்டரி வரும்வரை நேரடி மின்சாரத்தில் தொடர்ந்து பயன்படுத்தலாம். அடிப்பாகத்தில் இருந்த ஒரு தாழ்ப்பாளை நகர்த்தினால் பேட்டரி கையோடு வந்துவிடும். செய்தியைப் படித்த பத்தாவது விநாடியில் ஆபத்து வீட்டின் மொட்டை மாடிக்குப் போய்விடலாம். வேலையும் நிற்காது. ஆகவே சரிபார்க்க யாரும் தயங்க வேண்டியதில்லை.

2019 ஜூனில் ஆப்பிள் 15 அங்குல மேக்புக் புரோ லேப்டாப்பைத் திரும்பக் கேட்டது. 2015 செப்டம்பருக்கும் 2017 பிப்ரவரிக்கும் இடையே பெரும்பாலும் விற்றவை. அமெரிக்காவில் மட்டும் 4,32,000. அங்கே 26 சம்பவங்கள் பதிவாகியிருந்தன. ஐந்து பேருக்குச் சிறு தீக்காயம், ஒருவர் புகையைச் சுவாசித்திருந்தார். அறிவிப்பு சுத்தமானது, சீரியல் நம்பரைப் போட்டால் உடனே பதில். ஆனால் பேட்டரி உள்ளே பசையால் ஒட்டப்பட்டது. ஆகவே அறிவுரை இப்படி இருந்தது: லேப்டாப்பைப் பயன்படுத்துவதையே நிறுத்துங்கள், சர்வீஸுக்கு அனுப்புங்கள், ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். மறுநாள் காலை வேலையை ஒப்படைக்க வேண்டியவர் என்ன செய்வார்? இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதுகாப்பா பிழைப்பா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னது அந்த வடிவமைப்பு.

எச்.பி. 2018-ல் இதே முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தால் பேட்டரி தன்னைத்தானே காலி செய்துகொண்டு, மாற்றப்படும்வரை சார்ஜ் ஏறாமல் இருக்கும். லேப்டாப் மின்சாரத்தில் ஓடும். கையால் கழற்ற முடியாததை மென்பொருளால் கழற்றியது என்று சொல்லலாம். நல்ல யோசனைதான். 2016-ல் சாம்சங் நோட் 7 போன்களுக்கும் இப்படித்தான் நடந்தது. 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெற்று மாற்றுப் போன்கள் கொடுத்தார்கள், மாற்றுப் போன்களும் எரிந்தன, உற்பத்தியே நின்றது. கடைசியில் மிஞ்சியவற்றுக்குச் சார்ஜ் ஏறாதபடி மென்பொருளிலேயே பூட்டுப் போட்டார்கள். நான் விலை கொடுத்து வாங்கிய பொருளை நிறுவனம் தூரத்திலிருந்து முடக்கலாமா என்ற உறுத்தல் எனக்கும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரும் அதே கூரையின் கீழ் தூங்குகிறார் என்பதால், தீ விஷயத்தில் மட்டும் அதை ஏற்கிறேன்.

ஒட்டிய பேட்டரிக்கு ஆதரவான வாதங்களும் பொய்யில்லை. லேப்டாப் மெலிந்தது, அதே இடத்தில் கூடுதல் மின்சாரம் அடங்கியது, மென்மையான பைகளுக்கு உடற்சட்டமே காப்பானது. கழற்றும் வசதி இருந்த காலத்தில் டூப்ளிகேட் பேட்டரிகள் சந்தையை நிரப்பின என்பதும் உண்மை. பெயரில்லாத உற்பத்தியாளரின் பேட்டரியைத் திரும்பப் பெற யாரும் வரப்போவதில்லை. ஆனால் டூப்ளிகேட் இன்று ஒட்டிய பேட்டரிக்கும் கிடைக்கிறது. ஆபத்து மிச்சமிருக்க, அதை அன்றிரவே அகற்றும் வசதி மட்டும் போய்விட்டது. ஆகவே அளவில் பெரிதாக, அவமானத்தில் பெரிதாக இருந்த 2006, வாசலில் நிற்கும் வாடிக்கையாளரின் பக்கமிருந்து பார்த்தால் 2019-ஐவிட மேலானது. இரண்டுக்கும் கீழே, கடைசியில் வைக்க வேண்டியது பத்து மாத மௌனம்.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தருகிறது. ஆணையம் 2020 ஜூலையில் அமைந்தது. சட்டத்தில் குறையில்லை, அது நம் வீட்டு வாசல் வரை வருவதில்லை என்பதுதான் குறை. 2019-ல் அந்த மேக்புக் பற்றி நம் ஊர்க்காரர்களில் பலருக்குத் தெரிய வந்தது, பாதிக்கப்பட்ட லேப்டாப்பை எடுத்துக்கொண்டு விமானம் ஏற வேண்டாம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஆகஸ்டில் சொன்ன பிறகுதான். விமானம் ஏறாதவருக்கு யார் சொல்வது? ரிச்சி தெருவில் மூன்றாம் கையாக வாங்கியவருக்கு? தமிழ்நாட்டில் 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அரசு கொடுத்த லேப்டாப்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல். அவற்றில் குறை இருந்தது என்று நான் சொல்லவில்லை. அக்காவிடமிருந்து தம்பிக்குப் போய், இன்று யார் வீட்டுப் பரணிலோ கிடக்கும் அவற்றுக்கு ஒரு அறிவிப்பு வந்தால் அது யார் கையில் சேரும் என்று கேட்கிறேன். வாங்கியவர் பட்டியல் அரசிடம் இருக்கும் ஒரே இடம் அது. அந்தப் பட்டியலைக்கூட இந்த நோக்கில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் வாசித்த அறிவிப்புகள் ஏறத்தாழ எல்லாமே விட்டுவிடும் ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்பார்கள். புகைந்தால் என்ன செய்வது என்று சொல்ல மாட்டார்கள். கேஸ் அடுப்புத் தீக்கு ஈரச் சாக்கைப் போர்த்தச் சொல்லி நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். கை தானாகச் சாக்கைத் தேடும். பேட்டரிக்கு அது உதவாது. ஆக்சிஜன் உள்ளிருந்தே வருவதால் மூடினால் அணையாது, சூடுதான் தங்கும். மெயின் சுவிட்சை அணைத்த பிறகு, நிறையத் தண்ணீர் ஊற்றிச் சூட்டை இறக்க வேண்டும். விமானப் பணியாளர்களுக்குக் கற்றுத்தரப்படுவதும் இதுதான்; பனிக்கட்டி போட்டு மூடக் கூடாது என்பதையும் சேர்த்துக் கற்றுத்தருகிறார்கள். அணைந்தது போலத் தெரிந்தாலும் மறுபடி பற்றும். மணிக்கணக்கில் வெளியே, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் கிடக்க வேண்டும். புகை விஷம். அறை புகையால் நிறைந்துவிட்டால் தண்ணீரையும் மறந்து, வீட்டில் இருப்பவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போய் 101-ஐ அழைப்பதுதான் செய்ய வேண்டியது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரி ஒழுங்குமுறை, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. குப்பையைக் குறைப்பதும் பழுதுபார்ப்பை எளிதாக்குவதும் அதன் நோக்கம். தீயைப் பற்றி அங்கே அதிகம் பேச்சில்லை. இருந்தாலும் கடந்த இருபது ஆண்டு அறிவிப்புகள் எல்லாவற்றையும்விடப் பாதுகாப்புக்கு அது கூடுதலாகச் செய்யும் என்று நம்புகிறேன். நம் தர நிர்ணய அமைவனம் லித்தியம் பேட்டரிகளுக்கு ஐ.எஸ். 16046 என்ற தரத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதோடு, பேட்டரியின் எண் மூடிக்கு வெளியே, லேப்டாப்பின் அடியிலேயே அச்சாகியிருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

கடைப்பையன் கழற்றிய பேட்டரியைக் கடை வாசலில் இருந்த மணல் வாளியில் வைத்தான். புது பேட்டரியின் சீட்டில் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தர நிர்ணய அமைவனத்தின் செயலியில் போட்டுப் பார்த்தோம், இருந்தது. மூடியைப் போடும் முன், "ஒரு நிமிஷம் தம்பி" என்று நிறுத்தி, அந்தச் சீட்டைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன். பத்துத் திருகுகளையும் முடுக்கிவிட்டால் அது இனி என் கண்ணில் படாது.